மலையில் மூச்சு வாங்கும் பத்மினி

கேள்வி: என்னிடம் 1984 மாடல் பிரீமியர் பத்மினி இருக்கிறது. சமவெளியில் பிரச்சினையே இல்லை. மேட்டுப்பாளையம் தாண்டி பர்லியார் ஏறும்போது இருமிக்கொண்டே நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறவிட்டால் கிளம்பும். டாங்க் பக்கம் எலக்ட்ரிக் பம்ப் ஒன்று கூடுதலாக வைக்கலாமா?
- ஒரு வாசகர், பொள்ளாச்சி

பதில்: வைக்கலாம். ஆனால் பம்ப் வாங்குவதற்கு முன்னால், ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு மலை ஏறுங்கள். கார் நின்றதும் என்ஜினோடு ஒட்டியிருக்கும் பெட்ரோல் பம்ப் மேல் அதைச் சுற்றித் தண்ணீர் விடுங்கள். ஐந்து நிமிடத்தில் கிளம்பினால், பெட்ரோல் சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது என்று அர்த்தம். கிளம்பவில்லையா, பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் காயிலையும் கன்டென்சரையும் பாருங்கள். சூடேறினால் படுத்துக்கொள்வதும் ஆறினால் எழுந்துகொள்வதும் அவற்றுக்கும் பழக்கம்தான். அதற்குப் பம்ப் மருந்தில்லை.

ஆவிதான் என்றால் உங்கள் யோசனை சரி. என்ஜின் பம்ப் முன்னால் இருந்துகொண்டு, பின்னால் டாங்கில் இருக்கும் பெட்ரோலை உறிஞ்சி இழுக்கிறது. உறிஞ்சும்போது குழாயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பெட்ரோல் சீக்கிரம் கொதிக்கும். பின்னாலிருந்து தள்ளிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

உங்கள் வண்டியில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து என்ஜினுக்கு அனுப்புவது கார்புரேட்டர். கடையில் 'கார்புரேட்டர் வண்டிக்கு' என்று சொல்லிக் கேளுங்கள். 2 முதல் 4 பிஎஸ்ஐ அழுத்தம் போதும். நான் இதில் சூடுபட்டவன். இன்ஜெக்‌ஷன் காரில் கழற்றிய பம்ப் ஒன்று மலிவாகக் கிடைத்ததே என்று மாட்டிச் சாவியைத் திருப்பினேன். அது 40 பிஎஸ்ஐக்கு மேல் தள்ளுகிற ஜாதி. பெட்ரோல் வரத்தை மூடித் திறக்கும் கார்புரேட்டர் மிதவையின் குட்டி ஊசி அதை எப்படித் தடுக்கும்? மேல்மூடி இடுக்கில் பெட்ரோல் கொப்பளித்து வழிந்தது. நல்லவேளை, என்ஜின் ஆறியிருந்தது.

பம்பை டிக்கிக்குள் வைக்காதீர்கள். காருக்கு அடியில், டாங்கின் அடிமட்டத்தை ஒட்டி, சைலன்சர் குழாய்க்குத் தள்ளி, ரப்பர் புஷ் போட்டு மாட்டச் சொல்லுங்கள். பம்புக்கு முன்னால் ஃபில்டர் வேண்டும். மின்சாரம் ஃபியூஸ், ரிலே வழியாக வரட்டும். டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச். கூடவே, மோதினால் தானாகவே துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்சும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

இன்னொன்று, மெக்கானிக்குகளே மறந்துவிடுவது: பழைய என்ஜின் பம்ப்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு. அது கிழிந்திருந்தால், புதுப் பம்ப் தள்ளும் பெட்ரோல் நேராக என்ஜின் ஆயிலில் போய்ச் சேரும். ஆயில் குச்சியை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் முதலில் டயாஃப்ரத்தை மாற்றுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் தூக்கிப்போட்டு, எத்தனால் கலந்த பெட்ரோல் தாங்கும் ஹோஸ் போடுங்கள்.

சமவெளியில் சுவிட்ச் ஆஃபிலேயே இருக்கட்டும். மலையடிவாரத்தில் கல்லாறு வந்ததும் போடுங்கள். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியை எடுக்கும்போதும் ஸ்டார்ட் செய்வதற்கு முன் பத்து விநாடி போட்டால் ஸ்டார்ட்டருக்கு வேலை மிச்சம். 'டிக் டிக்' என்று அடிக்கிற வகைப் பம்ப் என்றால், கார்புரேட்டர் நிரம்பியதும் சத்தம் மெதுவாகிவிடும். மெதுவாகாமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ ஒழுகுகிறது. உடனே அணைத்துவிட்டு, குனிந்து பாருங்கள்.