மூச்சு தயார், குதிகால் தயாரில்லை
வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எனக்கு வயது 48, வங்கியில் பணிபுரிகிறேன். ஓராண்டாகக் கோவை ரேஸ்கோர்ஸ் சாலையில் காலை நடை போய்வருகிறேன். நண்பர்களுடன் டிசம்பரில் 21.1 கி.மீ. அரை மாரத்தான் ஓடலாம் என்ற ஆசையில் ஓடத் தொடங்கினேன். மூன்றே வாரங்களில் நிற்காமல் 5 கி.மீ. ஓட முடிகிறது, மூச்சும் வாங்குவதில்லை. ஆனால் காலையில் கட்டிலைவிட்டு இறங்கிக் காலை ஊன்றியதும் வலது குதிகாலில் ஊசி குத்துவது போல் வலிக்கிறது. பத்தடி நடந்தால் குறைந்துவிடுகிறது. தொடர்ந்து ஓடலாமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: இப்போதைக்கு வேண்டாம். குதிகால் எலும்பிலிருந்து விரல்களின் அடிப்பகுதி வரை உள்ளங்காலில் ஒரு தடித்த நார்ப்பட்டை இருக்கிறது. அளவுக்கு மீறி இழுபட்ட அந்தப் பட்டை இரவு முழுதும் அசைவின்றிக் கிடந்து இறுகிவிடுவதால், காலையில் முதல் அடி வைக்கும்போது சுரீரென்று வலிக்கிறது. நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பெரும்பாலும் இதையே காட்டுகின்றன.

உங்களை ஏமாற்றியது உங்கள் மூச்சுதான். ஓடத் தொடங்கிய ஓரிரு வாரங்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடி, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலான இரத்தத்தை அனுப்பப் பழகிக்கொள்வதால், நேற்றுவரை மலையாகத் தெரிந்த தூரம் இன்று எளிதாகிவிடுகிறது. இரத்த ஓட்டம் குறைவாக உள்ள தசைநாண்களும் நார்ப்பட்டைகளும் அந்த வேகத்தில் உரம் பெறுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். இருபது வயதில் இந்த இடைவெளியை உடல் பொறுத்துக்கொள்ளும், நாற்பத்தெட்டில் அப்படிப் பொறுப்பதில்லை. நானும் 46 வயதில் இதே அவசரத்தில் ஓடி, இதே வலியோடு நான்கு மாதம் நொண்டியவன் என்பதால், இதை உபதேசமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இரண்டு மூன்று வாரங்களுக்கு ஓட்டத்தை நிறுத்துங்கள். வலி கூடாத அளவுக்கு நடக்கலாம். சைக்கிளும் நீச்சலும் தடையில்லை. கட்டிலருகே ஒரு மெத்தென்ற செருப்பை வைத்துக்கொண்டு, டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு இறங்குவதைத் தவிருங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள், மாடிப்படியின் விளிம்பில் முன்பாதத்தை வைத்து, விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டு ஒன்றைக் கொடுத்து, கைப்பிடியைப் பிடித்தபடி குதிகாலை மெல்ல உயர்த்தி, அதைவிட மெல்ல இறக்குங்கள். பன்னிரண்டு முறை, மூன்று சுற்று போதும். முதல் வாரத்தில் பலன் தெரியாது என்பதற்காக விட்டுவிடாதீர்கள்.

மீண்டும் ஓடும்போது ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று இருபத்தைந்து நிமிடம், வாரத்தில் மூன்று நாள் மட்டும். பக்கத்தில் வருபவரிடம் முந்தைய நாள் கிளையில் நடந்த சண்டையை முழு வாக்கியங்களில் சொல்லிக்கொண்டே ஓட முடிந்தால், அதுதான் உங்களுக்குச் சரியான வேகம். டிசம்பருக்குள் 21.1 கி.மீ. ஓட முடியுமா என்பதை இப்போது முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலான பந்தயங்களில் 10 கி.மீ. பிரிவும் இருக்கிறது. வலி பல வாரம் நீடித்தாலோ, வீக்கமோ மரத்துப்போதலோ இருந்தாலோ, எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு 52 வயது, ஆசிரியை. மாதவிலக்கு நின்று ஓராண்டு ஆகிறது. ஓடினால் மூட்டு தேய்ந்துவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?
– ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: அந்தப் பயத்துக்குப் போதிய ஆதாரம் இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான ஒரு மதிப்பீட்டில், இடுப்பு மற்றும் முழங்கால் மூட்டுத் தேய்மானம் ஓடாதவர்களில் 10.2 சதவீதமாகவும், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதமாகவும் இருந்தது. போட்டிக்காகக் கடுமையாக ஓடுபவர்களிடம் அது 13.3 சதவீதம். மூட்டு நன்றாக இருப்பவர்களே தொடர்ந்து ஓடுகிறார்கள் என்பதும் இதில் கலந்திருக்கக்கூடும் என்றாலும், அளவான ஓட்டம் மூட்டை அரைத்துவிடும் என்று சொல்ல இடமில்லை.

உங்கள் வயதில் மூட்டைவிட எலும்பின் அடர்த்தியைப் பற்றித்தான் அதிகம் நினைக்க வேண்டும். மாதவிலக்கு நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் எலும்பு வேகமாக வலுவிழக்கும். ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டத்தை விட்டு, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து அமர்வது, எடை தூக்குவது போன்ற தசைப் பயிற்சிகளைச் செய்யுங்கள்.

பயமுறுத்துபவர்களுக்கு ஒரு செய்தி. பெண்ணுடலுக்கு மாரத்தான் ஆகாது என்று நம்பிய காலத்தில், 1967-இல், பாஸ்டன் மாரத்தானில் பதிவு எண் 261-ஐ அணிந்து ஓடிய கேத்ரின் சுவிட்சரை, ஓடும்போதே போட்டி நிர்வாகி ஒருவர் பிடித்து வெளியே இழுக்கப் பார்த்தார். சுவிட்சர் ஓடி முடித்தார். ஐம்பது ஆண்டுகள் கழித்து 2017-இல், தம் 70-ஆவது வயதில், அதே எண்ணை அணிந்து அதே பந்தயத்தை மீண்டும் முடித்தார்.

கேள்வி: இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். வயது 55. கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பை வைத்துப் பயிற்சி செய்யலாமா?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: அதை மட்டும் நம்ப வேண்டாம். உச்ச இதயத் துடிப்பு என்று 220-லிருந்து வயதைக் கழித்துக் கிடைக்கும் எண் வெறும் சராசரி, ஒரே வயதுடைய இருவரின் உச்சத் துடிப்பு இருபதுக்கும் மேல் வேறுபடலாம். தவிர, அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற இரத்த அழுத்த மாத்திரைகள் துடிப்பு ஏறவிடாமல் பிடித்துவைப்பவை. அவற்றை உட்கொள்பவர் கடிகாரத்தின் எண்ணை எட்டிப்பிடிக்க முயன்றால் தம்மை வருத்திக்கொள்வதுதான் மிச்சம். முதல் பதிலில் சொன்னபடி, முழு வாக்கியங்களில் பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்க்கும் பேச்சுச் சோதனையே உங்களுக்கு ஏற்றது.

சர்க்கரைக்குக் கிளிமெபிரைடு அல்லது இன்சுலின் எடுப்பவராக இருந்தால், ஓட்டத்தின் நடுவிலோ, சில மணி நேரம் கழித்தோகூடச் சர்க்கரை தாழ்ந்துவிடலாம். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் அந்த ஆபத்து மிகக் குறைவு. சட்டைப்பையில் குளுக்கோஸ் இருக்கட்டும். பலர் கடலை மிட்டாய் வைத்துக்கொள்கிறார்கள். கடலையின் கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும் என்பதால் அவசரத்துக்கு அது உதவாது. தொடங்கும் முன் இதயப் பரிசோதனை பற்றி உங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேசுங்கள். நெஞ்சில் பாரமோ, தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலியோ வந்தால் ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கேள்வி: நீண்ட ஓட்டத்தில் எவ்வளவு தண்ணீர் குடிக்க வேண்டும்?
– ஒரு வாசகர், சென்னை

பதில்: தாகத்துக்குக் குடித்தால் போதும். 2002 பாஸ்டன் மாரத்தானை முடித்தவர்களில் பரிசோதிக்கப்பட்டோரில் 13 சதவீதத்தினருக்கு இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச்சத்து குறைந்திருந்தது; அதற்கு முக்கியக் காரணம், மிதமிஞ்சிக் குடித்து இரத்தம் நீர்த்துப்போனதே.

கேள்வி: வயது 61. ஓட விருப்பமில்லை; சைக்கிள் இருக்கிறது. நெடுந்தூரம் போக ஆசை.
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: தாராளமாகப் போகலாம். முதலில் இருக்கையின் உயரத்தைச் சரிபாருங்கள்: பெடல் அடியில் இருக்கும்போது அதன்மேல் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நீள வேண்டும். தாழ்வான இருக்கை முழங்கால் வலிக்கு வழிசெய்யும். பிரெவே எனப்படும் நெடுந்தூரப் பயணங்களில் யாரும் யாரோடும் போட்டியிடுவதில்லை; 200 கி.மீ. தொலைவை 13.5 மணி நேரத்துக்குள் கடந்தால் போதும். கணக்குப் போட்டால் மணிக்கு 15 கி.மீ.கூட வராது. வழியில் தேநீர்க் கடையில் நிற்கும் நேரமும் அந்த 13.5 மணிக்குள் அடக்கம்.