சூடான பிறகு திணறும் ஸ்டார்ட்டர்: முதலில் எர்த் வயர்

காலையில் சரியாகச் சுற்றுகிறது, வண்டி சூடாகி நிறுத்தி எடுத்தால் ஸ்டார்ட்டர் திணறுகிறது, புது பேட்டரி போட்டும் தீரவில்லை என்கிறீர்கள். ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்ற அவசரப்படாதீர்கள். முதலில் எர்த் வயரை, அதாவது பேட்டரி மைனஸை எஞ்சினோடு இணைக்கும் வயரைச் சோதியுங்கள்.

வண்டி சூடாக இருக்கும்போதே பாருங்கள். நியூட்ரலில் போட்டு ஹேண்ட்பிரேக் இழுத்துவிடுங்கள். மல்டிமீட்டர் டிசி வோல்ட்டில் இருக்கட்டும். ஒரு முனையைப் பேட்டரியின் மைனஸ் கம்பத்திலேயே வையுங்கள், அதைப் பிடித்திருக்கும் கிளாம்பில் வேண்டாம். மற்றதை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்தில் அழுத்திக்கொண்டு, இன்னொருவரைச் சாவி திருப்பச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் என்றால் நல்லது. 0.5 தாண்டினால் கோளாறு எர்த் பக்கம்தான். என் வண்டியில் எர்த் வயரின் லக்கை (நுனியில் உள்ள உலோக வளையம்) லேசாக வளைத்தேன், வயரின் உறைக்குள்ளிருந்து பச்சைப் பொடி, அதாவது செம்பு அரித்த தூள், கொட்டியது. அதற்குள் ஒரு நல்ல ஸ்டார்ட்டரை மாற்றித் தொலைத்திருந்தேன், அது வேறு கதை.

அப்புறம் பிளஸ் கம்பத்துக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையிலும் இதே சோதனை. போல்ட்டில் எப்போதும் கரன்ட் இருக்கும், அதைத் தொடும் ஸ்பேனர் வண்டியின் பாடியில் படக்கூடாது.

இரண்டும் சரி, ஆனாலும் சுற்றும்போது பேட்டரி 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்குகிறதா? பேட்டரி நல்லதென்றால் மோட்டார் அளவுக்கு மீறி இழுக்கிறது. பெரும்பாலும் புஷ் (தண்டைத் தாங்கும் உலோக வளையம்) தேய்ந்து, உள்ளே சுழலும் ஆர்மேச்சர் உரசும். அப்போது கழற்றுங்கள்.