காற்றுதான் ஒளியை விட்டுவிடுமே, லேசர் அதை என்ன செய்யும்?

"காற்று ஒளிபுகும் பொருள்தானே, லேசரை எவ்வளவு கூட்டினாலும் அதை என்ன செய்துவிட முடியும்?" என்று கேட்டிருக்கிறீர்கள். பாடப்புத்தகத்தோடு மல்லுக்கட்டும் மாணவர் என்று நினைத்துக்கொள்கிறேன். நானும் இதையே நம்பி 2 நாள் திட்டு வாங்கியவன்.

ஆய்வு மாணவனாகச் சேர்ந்த புதிது. நொடிக்கு 10 துடிப்பாக ஒளியை விட்டுவிட்டு அனுப்பும் யாக் லேசர் (யாக் என்பது ஒளியை உண்டாக்கும் படிகத்தின் பெயர்). ஒரு துடிப்பில் 100 மில்லிஜூல்தான். ஆனால் அது 10 நானோநொடியில் வந்து முடிவதால் அந்தக் கணத்தில் 1 கோடி வாட். செம்புத் தகட்டில் குழி ஆழமாக விழவில்லையே என்று 50 செ.மீ. லென்ஸைக் கழற்றி 10 செ.மீ. லென்ஸை மாட்டினேன். புள்ளி சிறுத்தால் சூடு கூடும் என்பது என் கணக்கு. குழியோ இன்னும் ஆழம் குறைந்தது. சத்தம் மட்டும் வழக்கத்தைவிட உரத்து, யாரோ விடாமல் சொடக்குப் போடுவது போல. லென்ஸைக் கீறிவிட்டாய் என்றார் மூத்த மாணவர். விளக்கை அணைத்துப் பார்த்தால் (பாதுகாப்புக் கண்ணாடி போட்டுத்தான், சண்டைக்கு வராதீர்கள்), தகட்டுக்குச் சற்று முன்னால் வெறுங்காற்றில் நீலம் கலந்த வெள்ளைப் பொறி.

அந்த 1 கோடி வாட்டும் மிகச் சிறிய புள்ளியில் குவிந்து சதுர செ.மீ.க்கு லட்சம் கோடி வாட் என்ற அளவை நெருங்கும்போது, காற்றில் தப்பித்தவறித் திரியும் எலக்ட்ரான்கள் ஒளியின் ஆற்றலை வாங்கிக்கொண்டு நைட்ரஜன், ஆக்சிஜன் மூலக்கூறுகளில் மோதி, மேலும் எலக்ட்ரான்களைப் பிய்க்கும். 1 இரண்டாகி, 2 நான்காகி, சில நானோநொடிகளில் பிளாஸ்மா, அதாவது எலக்ட்ரான்கள் பிய்ந்து மின்னேற்றம் பெற்ற வாயு. அப்புறம் பின்னால் வரும் ஒளியை அதுவே விழுங்கிவிடும், தகட்டுக்கு மிச்சம்மீதிதான். சத்தம், சட்டென்று விரியும் சூட்டின் அதிர்வலை. 1963லேயே ரூபி லேசரில் இதைப் பார்த்துவிட்டார்கள். தூசி இருந்தால் இன்னும் சுலபம்: மேசையைத் துணியால் தட்டித் துடைத்த அன்று பொறி சரமாரியாக வந்தது. குவியத்தைத் தகட்டின் பரப்புக்குச் சற்று உள்ளே தள்ளிய பிறகுதான் அடங்கியது.

எல்லா லேசரும் இப்படியா என்று மடக்க வேண்டாம். விடாமல் எரியும் கிலோவாட் லேசரில் பொறி வராது. வழியில் காற்று சூடாகி அடர்த்தி குறைந்து, கதிரையே விரித்துவிடும். துடிப்பு லேசர் காற்றை என்னவெல்லாம் செய்யும் என்றால், 2021இல் சுவிட்சர்லாந்தின் சாண்டிஸ் மலையில் அப்படியொரு லேசரால் மின்னலையே சுமார் 50 மீட்டருக்கு வழிநடத்தினார்கள்.

லென்ஸில் கீறல் எதுவும் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிறகு ஒரு கருத்தரங்கில் மூத்தவர் அந்தப் பொறியின் படத்தைக் காட்டிக் கைத்தட்டல் வாங்கினார். எடுத்தது நான், என் சொந்தக் கேமராவில். நன்றி சொன்ன ஸ்லைடில் லென்ஸ் விற்ற கம்பெனியின் பெயர்கூட இருந்தது.