பழைய எச்ஓ எஞ்சின்களுக்கு நக்கிள் கப்ளர்: கேள்வி பதில்

பழைய அமெரிக்க எச்ஓ (1:87 அளவு) ரயில் மாடல்களில், வண்டிகளை இணைக்க பெரும்பாலும் கொக்கி போன்ற ஹார்ன்-ஹுக் கப்ளர்தான் இருக்கும். அதைக் கழற்றி, கேடி நிறுவனத்தின் வகையிலான, மடக்கிய விரல் போலப் பிடிக்கும் நக்கிள் கப்ளர் பூட்டுவது பற்றி வந்த கேள்விகளும் பதில்களும் கீழே.

கேள்வி: அதேர்ன் நிறுவனம் நீலப் பெட்டியில் விற்ற பழைய வரிசை (நீலப்பெட்டி) டீசல் எஞ்சின் இரண்டு வைத்திருக்கிறேன். கேடி 5 வாங்கலாமா, 148 வாங்கலாமா?

இரண்டுக்கும் தலை ஒன்றுதான், தண்டு நீளமும் ஒன்றுதான் (9/32 அங்குலம்). ஸ்பிரிங்கில்தான் வித்தியாசம். 5-இல் வெண்கலத் தகடு ஸ்பிரிங் தனியாக வரும். 148-இல் தண்டின் இருபுறமும் மீசை போல மெல்லிய கம்பிகள் இருக்கும். அவை கப்ளர் பொருந்தும் சிறு பெட்டியின் பக்கச் சுவரில் அழுத்தித்தான் கப்ளரை நடுவுக்குக் கொண்டுவரும். சுவர் சரியாக இல்லாத இடத்தில் 148 ஒரு பக்கமாகச் சாய்ந்தே நிற்கும்.

கப்ளரைப் பிடித்திருக்கும் அதேர்னின் தகரக் கிளிப்பை அப்படியே வைத்துக்கொள்வதானால் 5 போடுங்கள். ஆனால் அந்தக் கிளிப் பாரம் இழுக்கும்போது கழன்று விழும் பழக்கமுள்ளது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, கேடியின் பிளாஸ்டிக் பெட்டியோடு 148-ஐத் திருகில் பூட்டுவதையே நான் சொல்வேன்.

முதலில் உடற்கூட்டையும் போகிகளையும் (சக்கரங்கள் பொருந்திய அடிச்சட்டங்கள்) மோட்டாரையும் கழற்றிவிடுங்கள். உலோகத் தூள் மோட்டார் காந்தத்தில் ஒட்டினால் பிறகு எடுப்பது பெரும்பாடு. சட்டத்தின் முனையில் நிற்கும் குமிழை அரத்தால் மட்டமாக ராவுங்கள். நடுப்புள்ளியைக் குத்தி அடையாளமிட்டு, 50-ஆம் எண் பிட்டால் (சுமார் 1.8 மி.மீ.) துளையிட்டு, 2-56 அளவு டேப்பால் மரை வெட்டுங்கள். அந்த அளவு கிடைக்காவிட்டால் 1.6 மி.மீ. துளையும் எம்2 டேப்பும் போதும். ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று போங்கள். அவசரப்பட்டால் டேப் உள்ளேயே ஒடியும், ஒடிந்ததை எடுப்பது பெரும்பாடு.

பெட்டியின் தரைத் தடிமன் இடையில் வருவதால் கப்ளர் கொஞ்சம் தாழும். திருகை முழுதாக இறுக்கும் முன் உயரத்தைப் பாருங்கள்.

கேள்வி: உயரம் எவ்வளவு இருக்க வேண்டும்? ஸ்கேல் வைத்து அளந்தால் போதாதா?

தண்டவாளத்தின் மேல்முகத்திலிருந்து கப்ளர் தலையின் நடு வரை 25/64 அங்குலம், அதாவது ஏறக்குறைய 9.9 மி.மீ. ஸ்கேல் போதாது. கேடி 205 உயர அளவுகோல் ஒன்று வாங்கிவிடுங்கள். கப்ளருக்கு முன்னால் வாங்க வேண்டியதே அதுதான். அது உலோகம் என்பதால் மின்சாரம் ஓடும் தண்டவாளத்தில் வைத்தால் ஷார்ட் ஆகும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு வையுங்கள், அல்லது மின்காப்புள்ள 206-ஐ வாங்குங்கள்.

கப்ளர் தாழ்ந்திருந்தால் அண்டர்செட் வகை, உயர்ந்திருந்தால் ஓவர்செட் வகை வாங்குங்கள். பலர் இதைத் தலைகீழாக வாங்கிவிடுகிறார்கள். அண்டர்செட்டில் கீழே இருப்பது தண்டு. தலை மேலே எழும்பி நிற்கும். வித்தியாசம் சிறியதானால் வேறு கப்ளர் வாங்க வேண்டாம். உயர்ந்திருந்தால் பெட்டிக்கும் சட்டத்துக்கும் இடையே 0.25 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடு வையுங்கள். தாழ்ந்திருந்தால் சட்டத்தை இன்னும் கொஞ்சம் ராவுங்கள்.

கேள்வி: உயரம் சரியாக இருக்கிறது. ஆனாலும் ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டி பிரிந்துவிடுகிறது.

தலையை விரலால் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். பெட்டிக்குள் தண்டு தளர்வாக இருந்தால் நிற்கும்போது சரியாகத் தெரியும். இழுவை வந்ததும் தலை குனிந்து, ஒன்று மற்றொன்றின் அடியில் நழுவிவிடும். தண்டுக்கும் பெட்டி மூடிக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைச் செருகினால் சரியாகும்.

அதுவும் இல்லையென்றால் நக்கிளைப் பாருங்கள். ஸ்பிரிங்கும் பிளாஸ்டிக்காகவே வார்க்கப்பட்ட மலிவு வகைகளில் நாளடைவில் அது களைத்து, பாரம் ஏறினால் வாய் திறந்துகொள்ளும். எஞ்சினுக்காவது உலோகக் கப்ளர் போடுங்கள்.

கேள்வி: இரண்டு எஞ்சினை முதுகோடு முதுகாகச் சேர்த்தால் ஷார்ட். தனித்தனியாக நன்றாக ஓடுகின்றன.

உங்களுடையது அதேர்ன் நீலப்பெட்டி என்றால் காரணம் இதுதான்: அதன் உலோகச் சட்டம் ஒரு பக்கத் தண்டவாளத்தோடு மின்தொடர்பு கொண்டது. எஞ்சினைத் திருப்பி நிறுத்தினால் சட்டம் மறுபக்கத் தண்டவாளத்தோடு சேரும். நடுவில் இரண்டு உலோகக் கப்ளர் கைகோத்தால் சுற்று முழுமையாகிவிடும். பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும் கப்ளர் சட்டத்தைத் தொடாது. தகரக் கிளிப்பில் நிற்பது தொடும். ஒரு முனையை மாற்றினாலே போதும். டிசிசி (டிஜிட்டல் கட்டுப்பாடு) போட்டு மோட்டாரைச் சட்டத்திலிருந்து பிரித்துவிட்டேன் என்று இருக்காதீர்கள், சட்டத்தில் மின்சாரம் அப்படியேதான் இருக்கும்.

பித்தளை நீராவி எஞ்சினிலும் இதே தொல்லை, அதுவும் இன்னும் மோசமாக. பெரும்பாலானவற்றில் எஞ்சின் ஒரு தண்டவாளத்திலிருந்தும் டெண்டர் (பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) மற்றதிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். எனவே இரண்டும் ஒரே திசை பார்த்து நின்றாலும், முன்னதன் டெண்டரும் பின்னதன் முகப்பும் தொட்டவுடன் ஷார்ட். அங்கே மின்காப்புப் பெட்டி கட்டாயம்.

கேள்வி: கப்ளரின் கீழே தொங்கும் கம்பி பாயிண்ட்ஸில் (தண்டவாளம் பிரியும் இடம்) மாட்டுகிறது. வெட்டிவிடலாமா?

தண்டவாளங்களுக்கு நடுவே காந்தம் வைத்து, அது இந்தக் கம்பியை இழுப்பதால் கப்ளரைக் கழற்றும் முறையைப் பயன்படுத்துவதில்லை என்றால் தாராளமாக வெட்டலாம். கூராக்கிய மூங்கில் குச்சியை இரண்டு நக்கிளுக்கும் நடுவே விட்டுத் திருகினால் வண்டி பிரியும். காந்தம் உண்டென்றால் கம்பியின் அடி தண்டவாள மட்டத்திலிருந்து 1/32 அங்குலம் மேலே நிற்கட்டும். அதே 205-இல் அதற்கும் படி இருக்கிறது. வளைக்க உரிய இடுக்கியைப் பயன்படுத்துங்கள்.

கேள்வி: கப்ளர் போகியிலேயே பொருத்தப்பட்ட பழைய பொம்மை எஞ்சின். அதே இடத்தில் மாற்றலாமா?

மாற்றலாம், முன்னோக்கி இழுக்க மட்டும். பின்னோக்கித் தள்ளும்போது விசை போகியைத் திருப்பிச் சக்கரத்தை இறக்கிவிடும். போகியின் கையை வெட்டியெடுத்து, பெட்டியை உடற்கூட்டின் அடித்தளத்தில் திருகுவதே முறை. வளைவின் ஆரம் 18 அங்குலமானால் நீளத் தண்டுள்ள 146 தேவைப்படலாம். பசையை நம்பாதீர்கள்: கேடி பெட்டியின் பிளாஸ்டிக்கில் பிடிக்காது, பிடித்த அளவுக்கு உள்ளே கசிந்து கப்ளரை உறையவைக்கும்.

கேள்வி: கப்ளர் நடுவுக்குத் திரும்பவில்லை. எண்ணெய் விடவா?

வேண்டாம், தூசி சேர்ந்து பிசுக்காகும். முதலில் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அதிகம் இறுக்கினால் மூடி வளைந்து தண்டைப் பிடித்துக்கொள்ளும். பிறகு பெட்டி விளிம்புகளில் வார்ப்புப் பிசிறு இருந்தால் சீவுங்கள். அப்போதும் முரண்டு பிடித்தால் சிறிதளவு கிராஃபைட் தூள். ஆனால் கிராஃபைட் மின்சாரம் கடத்தும், மின்காப்புக்காகப் போட்ட பெட்டியில் அதைத் தூவ வேண்டாம்.

கேள்வி: நக்கிளின் குட்டி ஸ்பிரிங் பறந்துவிட்டது.

தனியாக விற்கிறார்கள். மெல்லிய கத்தி நுனியைச் சுருள்களுக்கு இடையே செருகி எடுத்து, ஒரு முனையைக் குமிழில் மாட்டி, அழுத்தி மறுமுனையை விடுங்கள். கைகளையும் கப்ளரையும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பைக்குள் வைத்துக்கொண்டு செய்தால், பறந்தாலும் பையிலேயே விழும்.

கேள்வி: எல்லா ரயில் பெட்டிகளின் கப்ளரையும் ஒரே நேரத்தில் மாற்றக் காசில்லை.

ஒரு சரக்குப் பெட்டியில் ஒரு முனை நக்கிள், மறுமுனை ஹார்ன்-ஹுக் என்று வைத்து எஞ்சினுக்குப் பின்னால் மாட்டுங்கள். மற்றவற்றை மெதுவாக மாற்றிக்கொள்ளலாம்.