சீட்டில் எழுதியிருக்கும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம், டாக்டர்?

(வேலையிடத்தில் அடிபட்டவர்களும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சில)

கேள்வி: மூட்டை தூக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. சீட்டில் 'லம்பர் ஸ்ட்ரெயின், கன்சர்வேட்டிவ் மேனேஜ்மென்ட், லைட் டியூட்டி 2 வாரம்' என்று இருக்கிறது. சூப்பர்வைசர் என்னை ஒரு ஸ்டூலில் 8 மணி நேரம் உட்கார வைத்துவிட்டார். வலி கூடிவிட்டது. டாக்டர் சரியாகக் கவனிக்கவில்லையோ?

லம்பர் என்றால் கீழ் முதுகு. ஸ்ட்ரெயின் என்றால் தசையோ, தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணோ அளவுக்கு மீறி இழுபட்டிருக்கிறது. இதையே 'ஸ்ப்ரெயின்' என்று எழுதியிருந்தால் எலும்பையும் எலும்பையும் கட்டிவைக்கும் தசைநார் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள், கணுக்கால் பிசகுவது அந்த வகை. 'கன்சர்வேட்டிவ்' என்ற வார்த்தையைப் பார்த்து 'ஏதோ பேருக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்' என்று வருத்தப்படுகிறவர்கள் நிறையப் பேர். அறுவை சிகிச்சை இல்லாமல் மருந்து, பயிற்சி, வேலையில் மாற்றம் இவற்றால் குணப்படுத்துவது என்பதுதான் அதன் பொருள், இடுப்புப் பிடிப்புக்குப் பெரும்பாலும் அதுவே சரியான வழி.

தவறு நடந்த இடம் 'லைட் டியூட்டி'. அந்த இரண்டு சொல்லை ஆளாளுக்கு ஒரு விதமாகப் புரிந்துகொள்கிறார்கள். உட்கார்ந்தால் சுலபம் என்று உங்கள் சூப்பர்வைசர் நல்லெண்ணத்தில்கூட நினைத்திருக்கலாம், ஆனால் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் நாள் முழுக்க அசையாமல் இருப்பது இடுப்புக்குச் சுமைதான். திரும்பவும் டாக்டரிடம் போய், எத்தனை கிலோ வரை தூக்கலாம், குனியலாமா, ஒரே மூச்சில் எவ்வளவு நேரம் உட்காரலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், எந்தத் தேதி வரை என்று எண்களோடு எழுதி வாங்குங்கள். எண் இருந்தால் அதை யாரும் அவரவர் இஷ்டத்துக்கு அர்த்தம் பண்ண முடியாது. அதற்காக வீட்டில் நாள்கணக்கில் படுத்தே கிடக்கவும் வேண்டாம், மெதுவாக நடமாடுகிறவர்களுக்குத்தான் சீக்கிரம் சரியாகிறது.

ஒன்று மட்டும் எப்போதும் நினைவில் இருக்கட்டும்: காலில் பலம் குறைந்தாலோ, உட்காரும் இடத்தைச் சுற்றி மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் நின்றாலோ, அடக்க முடியாமல் போனாலோ 2 வாரம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கேள்வி: 'கிராக்தான், ஃப்ராக்சர் இல்லை' என்கிறார் உடன் வேலை செய்பவர். வேலைக்குப் போகலாமா?

இரண்டும் ஒன்றுதான். எலும்பில் முடி அளவுக்குக் கோடு விழுந்திருந்தாலும் மருத்துவத்தில் அதற்குப் பெயர் ஃப்ராக்சர். கட்டைப் பிரிக்கும் நாளையும் வேலைக்குத் திரும்பும் நாளையும் உங்கள் டாக்டர் சொல்லட்டும்.

கேள்வி: பிரஸ் மெஷினில் என் கணவருக்கு ஆள்காட்டி விரலின் நுனி போய்விட்டது. 'எம்.எம்.ஐ. அடைந்துவிட்டார்' என்று எழுதிவிட்டார்கள். இன்னும் வலிக்கிறது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் துடித்துப்போகிறார், சட்டைப் பொத்தானை நான்தான் போட்டுவிடுகிறேன். இதுவா குணமானது?

இல்லையம்மா, குணமாகிவிட்டது என்று அதற்கு அர்த்தமே இல்லை. 'மேக்ஸிமம் மெடிக்கல் இம்ப்ரூவ்மென்ட்' என்பதன் சுருக்கம் அது. காயம் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது, இனிச் சிகிச்சை செய்தாலும் பெரிய மாற்றம் வராது என்று டாக்டர் கணிக்கிறார், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் வலிக்கு மருந்து தேவைப்படலாம், பயிற்சி தேவைப்படலாம்.

ஆனாலும் இந்த வார்த்தையை ஏன் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றால், நிரந்தர பாதிப்பு எத்தனை சதவீதம் என்று கணக்கிடுவது வழக்கமாக இதற்குப் பிறகுதான். சரிசெய்யக்கூடிய ஒன்று பாக்கியிருக்கும்போதே எழுதிவிட்டால் கணக்கு தப்பாகிவிடும். உங்கள் கணவரின் விரல் நுனியில் குறிப்பிட்ட ஓர் இடத்தை லேசாகத் தட்டினால் மின்சாரம் பாய்ந்த மாதிரி 'சுரீர்' என்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் வெட்டுப்பட்ட நரம்பின் முனை முடிச்சுபோல வளர்ந்திருக்கலாம், நியூரோமா என்பார்கள், அதற்கு வைத்தியம் உண்டு. குளிர் தாங்காமல் போவது இந்த மாதிரிக் காயங்களில் அடிக்கடி பார்ப்பதுதான், அவர் மனதால் பலவீனமானவர் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 'ஆக்குபேஷனல் தெரபி' கேளுங்கள். பெயரைப் பார்த்து வேலை தேடித் தருகிற இடம் என்று நினைத்துவிட வேண்டாம். பொத்தான் போடுவது, சாவி திருப்புவது, பேனா பிடிப்பது என அன்றாடக் காரியங்களுக்குக் கையைத் திரும்பப் பழக்குவதும், தொட்டாலே கூசுகிற தோலைப் பஞ்சு, துணி, சொரசொரப்பான துணி என்று படிப்படியாகத் தேய்த்துப் பழக்குவதும் அங்கேதான்.

அப்புறம், அடுத்து வரப்போகும் தாளில் இரண்டு சொற்கள் இருக்கும். 'இம்பேர்மென்ட்' என்பது உடல் இழந்தது, அதாவது விரல் நுனி. 'டிஸெபிலிட்டி' என்பது அந்த இழப்பால் அவரால் எதைச் செய்ய முடியாமல் போனது என்பது. ஒரே நுனி போனாலும் தையற்காரருக்கும் வண்டி ஓட்டுபவருக்கும் பாதிப்பு ஒன்றல்ல. அதனால் பொத்தான் விஷயத்தைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லிக் குறிப்பில் எழுத வையுங்கள்.

கேள்வி: காது பரிசோதனையில் '4000 ஹெர்ட்ஸில் நாட்ச்' என்று வந்திருக்கிறது. எனக்கு நன்றாகத்தானே கேட்கிறது?

ஆடியோகிராம் படத்தில் கோடு 4000 ஹெர்ட்ஸ் அருகே, அதாவது கீச்சென்ற ஒலிகள் இருக்கும் பக்கத்தில், பள்ளமாக இறங்கி மறுபடி ஏறியிருக்கும், அதைத்தான் நாட்ச் என்கிறார்கள். இரைச்சலால் காது கெடும்போது முதலில் தெரிகிற அடையாளம் பெரும்பாலும் அதுதான். அமைதியான அறையில் ஒன்றும் தெரியாது. கூட்டத்தில் நாலு பேர் பேசும்போது 'பல்' என்றார்களா 'கல்' என்றார்களா என்று குழம்புவீர்கள். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்செல்கள் போனால் மறுபடி முளைப்பதில்லை, அதனால்தான் 'நன்றாகத்தானே கேட்கிறது' என்று சொல்லும் இந்தக் கட்டத்திலேயே காதைக் காப்பாற்ற வேண்டும் என்கிறேன்.

பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு அளவு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரத்தைப் பாதியாக்க வேண்டும் என்பது ஒரு கணக்கு: 88 என்றால் 4 மணி நேரம், 91 என்றால் 2. ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் உங்கள் இடத்தில் இரைச்சல் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஷிப்ட் முடிந்த கையோடு எடுத்த சோதனை என்றால், குறைந்தது 14 மணி நேரம் இரைச்சல் படாமல் இருந்துவிட்டு ஒரு முறை திரும்ப எடுங்கள். தற்காலிகமாக மந்தமானது அதற்குள் ஓரளவு தேறிவிடும், அதன் பிறகும் மிச்சம் நிற்பது நிரந்தரமாக இருக்கலாம்.

கேள்வி: ஓய்வுபெற்று 6 ஆண்டு ஆகிறது. இருமலுக்குப் போனால் டாக்டர் 'இளம் வயதில் என்ன வேலை பார்த்தீர்கள்' என்று துருவித் துருவிக் கேட்கிறார். அது எதற்கு?

நல்ல டாக்டரிடம்தான் போயிருக்கிறீர்கள். இத்தாலிய மருத்துவர் ரமாஸ்ஸினி 1700-ல் தொழிலாளர் நோய்களைப் பற்றி எழுதியபோதே, நோயாளியிடம் 'உன் தொழில் என்ன' என்று தவறாமல் கேட்கச் சொன்னார். இன்றும் பல சீட்டுகளில் அந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது, அது எனக்குத் தீராத வருத்தம்.

'லேட்டன்ஸி' என்று ஒரு சொல் உண்டு: தூசியோ ரசாயனமோ உடலில் புகுந்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் உள்ள இடைவெளி. கல் உடைக்கும் தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வேலையை விட்ட பிறகும் வெளிப்படலாம். ஆஸ்பெஸ்டாஸால் வரும் புற்றுநோய் 20, 30, 40 ஆண்டுகள் கழித்தும் வருகிறது. உங்கள் இருமலும் அதுதான் என்று நான் சொல்லவில்லை, அந்தக் கேள்வியைக் கேட்காமல் அதை ஒதுக்கவும் முடியாது.

அடுத்த முறை போகும்போது ஒரு தாளில் முதல் வேலையிலிருந்து எழுதிக்கொண்டு போங்கள், 3 மாதம் பார்த்த வேலையையும் விடாமல். என்ன தூசி, அறுக்கும்போது தண்ணீர் விட்டார்களா காய்ந்தபடியே அறுத்தார்களா, முகத்தில் துணி கட்டினீர்களா சரியான மாஸ்க் போட்டீர்களா, வீட்டுக்கு வரும்போது சட்டையில் தூசி ஒட்டியிருந்ததா, அந்தச் சட்டையைத் துவைத்தது யார். கடைசிக் கேள்விக்குப் பதில் உங்கள் மனைவி என்றால், அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.