பிரெஞ்சு பிரஸ்ஸில் போடும் காபி ஏன் கசக்கிறது?

பிரெஞ்சு பிரஸ் (வலை வடிகட்டியை அழுத்தி இறக்கும் காபிக் குடுவை) வாங்கி ஒரு வாரம்தான் ஆகிறது, காபி கசக்கிறது, கடைசி மடக்கில் மண்டி நாக்கில் ஒட்டுகிறது என்கிறீர்கள். கோளாறு பெரும்பாலும் தூளில்தான். சிங்கப்பூர் தேக்காவில் வாங்கும் ஃபில்டர் காபித்தூள் டிகாஷனுக்காக நைசாக அரைத்தது, பலவற்றில் சிக்கரியும் இருக்கும். பிரஸ்ஸின் வலை அதைத் தடுக்காது. கோப்பிக் கடைத் தூளும் வேண்டாம், சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுக்கிற அது துணிப்பையில் வடிக்கத்தான் சரி. கொட்டையாக வாங்கி, கல் உப்பு மாதிரி கொரகொரப்பாக அரைத்துத் தரச் சொல்லுங்கள்.

450 மில்லி தண்ணீருக்கு 30 கிராம் தூள். தண்ணீர் கொதித்து அடங்கியதும் அரை நிமிடம் பொறுத்து, முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றுங்கள்; புதிதாக வறுத்த கொட்டை என்றால் உள்ளே தங்கிய கரியமில வாயு வெளியேறி நுரைத்துப் பொங்கும், பார்க்கவே ஆசையாக இருக்கும், அது அடங்கியதும் மீதியை ஊற்றி 4 நிமிடம் விடுங்கள். அப்புறம் மேலே மிதப்பதைக் கலக்கி, நுரையைக் கரண்டியால் எடுத்துவிட்டு, மெதுவாக அழுத்துங்கள். கை வலிக்க அழுத்த வேண்டியிருந்தால் தூள் ரொம்ப நைஸ். சர்ரென்று இறங்கினால் ரொம்பப் பெரிசு.

நான் செய்த முட்டாள்தனம், அழுத்திய காபியை அப்படியே விட்டுவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தது. தூள் அடியில் ஊறிக்கொண்டே இருக்கும், இரண்டாவது கப் கஷாயம்தான். உடனே பிளாஸ்க்கில் ஊற்றிவிடுங்கள். கொலஸ்ட்ரால் இருந்தால் அளவோடு குடியுங்கள், கொலஸ்ட்ராலைக் கூட்டும் காபி எண்ணெயைக் காகித வடிகட்டி மாதிரி பிரஸ்ஸின் வலை நிறுத்தாது. மண்டியை சிங்க்கில் கொட்டாதீர்கள், அடைத்துக்கொள்ளும்.