இலவச மின்சாரத்தின் கணக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பொருளியலில் இளங்கலை முடித்திருக்கிறேன். மூன்று வருடப் படிப்பில் சுற்றுச்சூழல் கடைசியில் ஒரு பாடமாக வந்துபோனது. எரிசக்தி என்று தனியாக எதுவுமே வரவில்லை. ஆனால் இப்போது எதைப் படித்தாலும் நிலக்கரி, மின்கட்டணம், நிலத்தடி நீர் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதாகத் தோன்றுகிறது. இதை ஒழுங்காகப் படிக்க ஆசை. எங்கே தொடங்குவது? எங்களுக்குத் தாராபுரம் பக்கம் கொஞ்சம் நிலம் உண்டு. அப்பாவிடம் இதைப் பற்றிப் பேசினால், “கடைசியில் இலவசக் கரண்டைப் பிடுங்கத்தான் இதெல்லாம் வழி சொல்லும்” என்கிறார். அவருக்கு என்ன பதில் சொல்வது?

– ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் அப்பாவின் பயம் நியாயமானது. பிறகு அதற்கு வருகிறேன். எங்கே தொடங்குவது என்றால், உங்கள் தோட்டத்து மோட்டார் ரூமில் தொடங்குங்கள் என்பேன்.

ஆயிரம் லிட்டர் தண்ணீரை நூறு மீட்டர் ஆழத்திலிருந்து தூக்க கால் யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் வேண்டும். இது பள்ளிக்கூட இயற்பியல், மோட்டார் எதையும் வீணாக்காவிட்டால். நம் ஊர்ப் பம்புசெட்டுகளில் பலவும் வாங்கும் மின்சாரத்தில் பாதியைக்கூட தண்ணீர் தூக்கும் வேலையாக மாற்றுவதில்லை. 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆயிரம் லிட்டருக்கு ஏறக்குறைய 0.7 யூனிட். ஒரு ஏக்கர் நெல்லுக்கு ஒரு போகத்துக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று கொண்டால், சுமார் 48 லட்சம் லிட்டர். பத்து மீட்டரில் தண்ணீர் கிடந்த காலத்தில் இதற்கு 330 யூனிட் போதும். நூறு மீட்டருக்குப் போய்விட்டால் 3,300 யூனிட். அதே ஏக்கர், அதே நெல்.

அந்த 3,300 யூனிட்டும் அனல் நிலையத்திலிருந்து வந்ததாக வைத்துக்கொள்வோம். (காற்றாலைக்கும் சூரிய மின்சாரத்துக்கும் நம் மாநிலத்தில் நல்ல பங்கு உண்டு, கணக்குக்காகச் சொல்கிறேன்.) இந்திய நிலக்கரியில் ஒரு யூனிட்டுக்கு முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக எரியும். ஆக இரண்டு டன்னுக்கு மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு சாம்பல். ஒடிசாவின் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கு வந்து, கப்பலில் எண்ணூருக்கு வருகிற கரி அது. எரிந்த பிறகு சாம்பலை நீரில் கரைத்துக் குழாய் வழியாகக் குட்டைக்கு அனுப்புகிறார்கள். அந்தக் குழாய்கள் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் சாம்பல் படிந்து கிடக்கிறது. அங்கே சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். தாராபுரத்துப் போருக்கும் (ஆழ்துளைக் கிணறு) அவர்கள் கைக்கும் நடுவே ஒரு கம்பி ஓடுகிறது. நீங்கள் படிக்க விரும்பும் பாடம் அந்தக் கம்பிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி பொருளியல். கொங்குப் பகுதியில் 1930-களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் இறங்கியது. ஆலைகள் பெருகின, கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் வந்தன, மாடு கட்டிக் கவலை ஏற்றத்தில் நீர் இறைத்த கிணறுகளில் மெல்ல மெல்ல மோட்டார் உட்கார்ந்தது. மின்சாரம் விவசாயச் செலவில் பெரிய இனமாக ஆனது அப்படித்தான். 1970-ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் போராடிய விவசாயிகள் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். விவசாயிகள் சங்கத் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் பல ஆண்டுகள் போராட்டம் நடந்தது. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் சில ஆண்டுகளில் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசமானது. ரத்தம் சிந்தி வாங்கியதை யாரோ வந்து கட்டுரை எழுதிப் பிடுங்கப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அவர் உண்மையில் எவ்வளவு கட்டுகிறார் என்று கேட்டுப் பாருங்கள். நம் பாறை பூமியில் தண்ணீர் மேல் பகுதியிலும், கீழே வெடிப்புகளிலும்தான் நிற்கும். பக்கத்துத் தோட்டத்தில் 600 அடி போட்டால் நம் கிணறு வற்றும். அப்புறம் நாமும் துளை போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டு 800 அடி போடுவோம். குழாய், கேபிள், நீர்மூழ்கி மோட்டார், வருஷத்துக்கொரு முறை மோட்டாருக்குக் காயில் (கம்பிச் சுருள்) கட்டும் கூலி, கந்துவட்டி. மும்முனை மின்சாரம் எப்போது வருமென்று தெரியாததால் கரண்ட் வந்ததும் மோட்டாரைத் தானே ஓட்டும் ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போகிறோம். ராத்திரி முழுக்க வயல் தண்ணீர் குடிக்கிறது. தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேல் இலவச விவசாய இணைப்புகள். பெரும்பாலானவற்றில் மீட்டரே கிடையாது. பில் பூஜ்யம்தான். ஆனால் விவசாயி போர் போட்டே கடனாளியாகிறார், மின்வாரியமும் கடனில் முழுகிக் கிடக்கிறது.

பஞ்சாபைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். நிலத்தடி நீர் சரிவதைக் கண்டு அங்கே 2009-ல் சட்டம் போட்டார்கள்: கோடை வெயிலில் நீர் ஆவியாகிப் போகாமலிருக்க, ஜூன் 10-க்கு முன் நெல் நடக்கூடாது. நல்ல நோக்கம். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் அக்டோபர் கடைசிக்குத் தள்ளிப்போனது. கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரமே மீதி. அறுவடை இயந்திரம் விட்டுச் செல்லும் வைக்கோல் தாளை அப்புறப்படுத்த நேரமும் இல்லை, பணமும் இல்லை. தீ வைக்கிறார்கள். அதே சமயம் காற்று ஓய்ந்துவிடுகிறது, புகை டெல்லியில் போய் நிற்கிறது. அங்கே விவசாய மின்சாரம் இலவசம், நெல்லுக்கும் அரசுக் கொள்முதல் உறுதி. இந்த இரண்டையும் தொடாமல் தேதியை மட்டும் மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

சரி, அப்பாவுக்கு என்ன சொல்வது? இலவசத்தைப் பிடுங்க வேண்டும் என்று சொல்லாதீர்கள், நானும் சொல்லமாட்டேன். மிச்சம் பிடித்தால் காசு கிடைக்கும் என்று சொல்லிப் பாருங்கள். பஞ்சாபிலேயே 2018-ல் அப்படி ஒரு திட்டம் வந்தது: ஒதுக்கீட்டுக்குள் மிச்சமாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் விவசாயிக்கு 4 ரூபாய். குஜராத்தின் கேடா மாவட்டத்தில் துண்டி கிராமத்து விவசாயிகள் 2016-ல் சோலார் பம்புக் கூட்டுறவு அமைத்து, இறைத்தது போக மிச்ச மின்சாரத்தை விற்றார்கள். விற்க வழியில்லாத சோலார் பம்பு ஆபத்து என்றே நினைக்கிறேன். கரி மிச்சம்தான், ஆனால் பகல் முழுக்கச் சும்மா கிடைக்கும் சக்தி நிலத்தடி நீரை இன்னும் வேகமாகக் காலி செய்யும். சொட்டுநீர்ப் பாசனத்திலும் இதே சிக்கல் உண்டு: மிச்சமான தண்ணீரில் இன்னும் ஒரு ஏக்கர் வாழை வைப்போம். இயந்திரம் சிக்கனமானால் நிலக்கரிச் செலவு குறையாது, கூடும் என்று ஜெவன்ஸ் என்ற பொருளியலாளர் 1865-லேயே எழுதிவைத்தார். அவரைத் தேடிப் படியுங்கள்.

அடுத்தபடியாக மூன்றை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்வேன்: தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் கட்டண ஆணைகள், மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள், உங்கள் அப்பா பத்து வருடமாக மோட்டாருக்கும் போருக்கும் செலவழித்த கணக்கு. முதல் இரண்டும் இணையத்தில் கிடைக்கும். மூன்றாவதை நீங்கள்தான் உட்கார்ந்து எழுத வேண்டும். அவர் சலித்துக்கொள்வார், ஆனால் சொல்வார். முதுகலைக்கு எந்தத் துறை என்பதை அந்தக் கணக்கு முடிந்த பிறகு யோசிக்கலாம். கணக்கை எழுதி அனுப்பினால் நானும் கூடச் சேர்ந்து யோசிக்கிறேன்.